ஓவியருக்கு யார் கூலி கொடுப்பது?

ஓர் ஓவியக் கண்காட்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரங்குக்கு வாடகை உண்டு. ஃபிரேம் போட்டவர் முன்பணம் வாங்காமல் மரச்சட்டத்தைத் தொட்டிருக்க மாட்டார். கும்பகோணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ கேன்வாஸ்களை ஏற்றிவந்த டெம்போக்காரருக்குச் சரக்கை இறக்கும்போதே பணம் கொடுத்தாக வேண்டும். அழைப்பிதழ் அச்சடித்தவர், சுவரில் மாட்டியவர், விளக்கு பொருத்தியவர், வீடியோ எடுத்தவர், தொடக்க விழாவுக்கு டீயும் சமோசாவும் கொண்டுவந்தவர், இரவுக் காவலாளி என்று எல்லோர் கைக்கும் ஏதோ ஒரு தொகை போகிறது. குத்துவிளக்கேற்ற வரும் பிரமுகருக்குப் பொன்னாடை உண்டு. ஓவியருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அதுமட்டுமல்லாமல், இந்தச் செலவுகளில் பெரும்பகுதி அவர் பையிலிருந்து போனதுதான். படம் விற்றால் வந்துவிடாதா என்பார்கள். எல்லாப் படமும் விற்பதில்லை. விற்றாலும் தனியார் கேலரிகள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து சரிபாதிவரை கழிவு எடுத்துக்கொள்வது வழக்கம்.

யாரும் இதை அநியாயமாக நினைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கச்சேரிக்கு வரும் வித்வானுக்குச் சன்மானம் இருக்கிறது. பட்டிமன்றப் பேச்சாளர் கார் செலவு உட்படப் பேசி முடித்துவிட்டுத்தான் மேடையேறுகிறார். கரகாட்டக் குழுவுக்கும் பறையிசைக் குழுவுக்கும் குறைத்துக் கொடுத்தாலும், கொடுக்க வேண்டும் என்ற எண்ணமாவது ஊரில் இருக்கிறது. ஓவியரும் சிற்பியும் வந்தால்தான் நமக்கு வேறொரு கணக்கு வந்துவிடுகிறது. ‘உங்கள் படத்தை நாலு பேர் பார்க்க ஓர் இடம் கொடுத்திருக்கிறோமே’ என்கிறோம். பார்க்கவருபவர்களால்தான் அந்த அரங்குக்குப் பெயர் கிடைக்கிறது. அவர்கள் பார்க்க வந்தது அந்தப் படத்தை.

தமிழ்நாட்டில் நவீன ஓவியத்தின் மிகப் பெரிய புரவலர்கள் ஓவியர்களேதான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை, சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்ட், விளம்பர நிறுவனம், பத்திரிகை லே-அவுட், கோயில் திருப்பணி, கல்யாண மண்டப அலங்காரம் என்று எங்கெங்கோ சம்பாதித்து, அதை வண்ணத்திலும் துணியிலும் கொட்டுகிறார்கள். வீட்டில் இன்னொருவர் வாங்கும் மாதச் சம்பளத்தில்தான் பல ஓவியர்களின் ஸ்டூடியோ ஓடுகிறது. அந்த இன்னொருவரின் பெயரை எந்தக் கேட்டலாக்கிலும் நான் பார்த்ததில்லை.

ஓவியருக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்வியை உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் கனடாவின் ஓவியர் ஜாக் சேம்பர்ஸ். 1967, அந்நாட்டின் நூற்றாண்டு ஆண்டு. கனடாவின் தேசியக் கலைக்கூடம் ஓவியர்களின் படைப்புகளை மறுபதிப்பு செய்ய அனுமதி கேட்டது. காசு கொடுப்பதாக இல்லை. ஒன்டாரியோவின் லண்டன் நகரில் இருந்த சேம்பர்ஸ் மறுத்தார். மற்றவர்களுக்கும் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே, 1968-ல், கலைஞர்களின் சங்கம் ஒன்று பிறந்தது. கார்ஃபாக் என்று இன்று அறியப்படுவது அதுதான். அவர்களுடைய நெருக்குதலால் 1975-ல் கனடாவில் ஓவியர்களுக்குக் கண்காட்சிக் கட்டணம் கொடுக்கும் முறை வந்தது. 1988-ல் காட்சிப்படுத்தும் உரிமை அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே ஏறியது. குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு என்பதில் அதே தேசியக் கலைக்கூடத்தோடு நடந்த வழக்கில், 2014-ல் உச்ச நீதிமன்றம் கலைஞர் அமைப்புகளின் பக்கம் தீர்ப்பளித்தது. படம் விற்கிறதா இல்லையா என்பது ஒரு விஷயம், அதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கான கூலி தனி விஷயம் என்ற எளிய நியாயத்தை நிலைநாட்ட அவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது.

அயர்லாந்து வேறொரு வழியில் போனது. 2022-ல் அந்த அரசு 2,000 கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து வாரத்துக்கு 325 யூரோ என மூன்றாண்டுகள் கொடுத்தது. என்ன வரைந்தாய், எத்தனை வரைந்தாய் என்ற கேள்வி இல்லை. என்னைக் கவர்ந்தது தேர்வு முறை. தகுதியுள்ள விண்ணப்பங்களைச் சேர்த்து, குலுக்கல் போட்டார்கள். நடுவர் இல்லை, சிபாரிசு இல்லை, இன்னாரின் மாணவர் என்ற பேச்சு இல்லை. நம் ஊரில் இப்படி ஒரு குலுக்கல் வைத்தால் விருதுக் குழுக்களில் உட்கார்ந்தே வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்ப்பதில் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கிறது.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் உதவித்தொகை தருகிறது. அதைத் தாண்டிய வயதினருக்கு ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் 10,000, நாற்பதைக் கடந்தவர்களுக்கு சீனியர் ஃபெலோஷிப் மாதம் 20,000, இவையும் இரண்டாண்டுகள்தான். ஆண்டுக்கு உதவித்தொகை 400 பேர்வரை, ஃபெலோஷிப் இரண்டு வகையும் சேர்த்து இன்னொரு 400 பேர்வரை. கேட்பதற்குப் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் கர்னாடக இசை, இந்துஸ்தானி, பரதம், கதக், நாடகம், நாட்டார் கலை, இலக்கியம், ஓவியம், சிற்பம் எல்லாம் இதற்குள்தான் முட்டிக்கொள்கின்றன. அதுவும் நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டில். தொகை மாதாமாதம் வருவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. மாதம் 5,000 ரூபாய் என்பது சென்னையில் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வாடகைக்குச் சரியாகப் போய்விடும். பிறகு வண்ணம் வாங்குவது எப்படி? நல்ல ஆயில் கலர் ட்யூப் ஒன்றின் விலையைக் கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், புரியும்.

இருந்தாலும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து சங்கீத மாணவர்கள் இதற்கு விண்ணப்பிப்பதில் காட்டும் கெட்டிக்காரத்தனத்தில் பாதியை ஓவிய மாணவர்கள் காட்டுவதாகத் தெரியவில்லை. குருநாதர்களும் பெற்றோரும் சங்கீதக்காரர்களுக்கு இந்த வழிகளைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, அதிலும் ஓவியம் படிக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்ல ஆள் இல்லை.

அரசுக்கு வெளியே என்ன இருக்கிறது? பெங்களூருவில் 1993-ல் தொடங்கப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், 1995 முதல் கலை ஆய்வுக்கும் படைப்புக்கும் நிதி தருகிறது. டெல்லியில் கோஜ். அது 1997-ல் உத்தரப் பிரதேசத்தின் மோதிநகரில் ஓவியர்கள் கூடி நடத்திய பட்டறையாகத் தொடங்கியது. பிறகு டெல்லியின் கிட்கி எக்ஸ்டென்ஷன் பகுதியில் நிலையான ஸ்டூடியோக்களாக வளர்ந்தது. டாக்காவில் பிரிட்டோ, கராச்சியில் வாசல், கொழும்பில் தீர்த்த என்று அதே காலத்தில் கலைஞர்களே நடத்தும் அமைப்புகள் துணைக்கண்டம் முழுக்க முளைத்தன. பெங்களூருவில் சுரேஷ் ஜெயராம் தன் வீட்டையே 1 சாந்திரோடு என்ற பெயரில் கலைஞர்கள் வந்து தங்கி வேலைசெய்யும் இடமாக்கினார். பிரிட்டனுக்குப் போக சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், சுவிட்சர்லாந்துக்குப் போக ப்ரோ ஹெல்வெட்டியா என்று வெளிநாட்டு வழிகளும் உண்டு.

இவற்றில் பலவும் கொடுப்பது ‘ரெசிடென்சி’. குறிப்பிட்ட காலத்துக்கு, சில வாரங்களோ சில மாதங்களோ, தங்க ஓர் அறை, வேலைசெய்ய ஒரு ஸ்டூடியோ, கைச்செலவுக்கு ஒரு தொகை. பக்கத்து அறையில் வேறொரு நாட்டுக்காரரோ வேறொரு மாநிலத்துக்காரரோ வேறு ஏதோ செய்துகொண்டிருப்பார். முடிவில் படம் வரைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடப் பல இடங்களில் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஊதாரித்தனம்போலத் தெரியும். வாடகை வீட்டு ஹாலில், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கேன்வாஸை விரித்து, காலையில் பாய் சுருட்டுவதற்கு முன் அதையும் சுருட்டிவைக்கும் ஒருவருக்கு, நான்கு வாரங்கள் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை கிடைத்தால் படத்தின் அளவே மாறிவிடும். ஈரம் காயக் காத்திருக்கலாம். பிடிக்காததை மறுநாள் அழிக்கலாம். பெரிதாக வரையலாம். நம் இளைஞர்களின் படங்கள் ஏன் சிறிது சிறிதாகவே இருக்கின்றன என்று விமர்சகர்கள் அழகியல் காரணம் தேடுகிறார்கள். டவுன் பஸ்ஸில் ஏற்ற முடிந்த அளவு அதுதான் என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பெண்களுக்கு இந்த ரெசிடென்சி விஷயம் இன்னும் சிக்கலானது. கைக்குழந்தையோடு வரலாம் என்று சொல்லும் ரெசிடென்சி அரிது. ஆறு வாரம் வீட்டை விட்டு எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே பாதி ஆவி போய்விடும். நுண்கலைக் கல்லூரி வகுப்பறைகளில் இருக்கும் பெண்களின் எண்ணிக்கை பத்து வருடம் கழித்துக் கண்காட்சிச் சுவர்களில் ஏன் இல்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இப்போது பெரிய தடைக்கு வருகிறேன். இந்த வாய்ப்புகளில் பெரும்பாலானவற்றின் வாசலில் ஆங்கிலம் நிற்கிறது. போர்ட்ஃபோலியோ மட்டும் அனுப்பினால் போதாது. ‘ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்’ வேண்டும், ‘புரபோசல்’ வேண்டும், பட்ஜெட் வேண்டும், இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு நுண்கலைக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களில் கணிசமானோர் தமிழ்வழியில் படித்தவர்கள். சுடுமண்ணில் ஒரு முகத்தை அரைமணி நேரத்தில் பிடித்துவிடுகிறவர், தன் வேலையைப் பற்றி முந்நூறு ஆங்கிலச் சொற்களில் எழுதச் சொன்னால் மலைத்துப்போகிறார். இதில் அவருடைய குறை ஒன்றும் இல்லை. ஓவியம் வரைகிறவரிடம் கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். அதுவும் அவர் மொழி அல்லாத மொழியில்.

அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவு இந்தக் குறையைத் தீர்த்துவைப்பதாகச் சொல்கிறார்கள். தீர்த்துத்தான் வைக்கிறது, எல்லோருக்கும் ஒரே கட்டுரையை எழுதிக்கொடுத்து. நினைவு, நிலம், உடல், அடையாளம், இடப்பெயர்வு ஆகிய ஐந்து சொற்களும் வராத ஸ்டேட்மென்ட்டை இப்போது கண்டுபிடிப்பது கஷ்டம். தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்தில் செங்கல் சூளையைப் பார்த்து வளர்ந்த ஒருவர், அந்தச் சூளையின் சூட்டைப் பற்றித் தன் பேச்சுத் தமிழில் நான்கு வரி எழுதினால் எந்த நடுவரும் நிமிர்ந்து உட்காருவார். அந்த நான்கு வரியை வாங்கிக்கொள்ளும் படிவம்தான் இல்லை.

முடியாத காரியமா இது? மேலே சொன்ன இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இந்திய மொழிகளில் எழுதப்பட்ட விண்ணப்பங்களையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரு தனியார் அறக்கட்டளையால் முடிவது சாகித்ய அகாடமியும் மொழிபெயர்ப்பாளர்களும் கையில் இருக்கும் ஓர் அரசால் முடியாதா?

சரியான நேரத்தில் சிறு நிதிகள் ஒருவருக்குத் தொடர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைப் பக்கத்திலிருந்தே உதாரணம் சொல்லலாம். புகைப்படக் கலைஞர் பழனிக்குமார், மலக்குழி மரணங்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 2019-ல் கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் பாரி இணையதளத்தின் ஃபெலோஷிப், 2020-ல் போட்டோ சவுத் ஏசியா நிதி, 2021-ல் ஆம்ப்ளிஃபை நிதி, 2022-ல் முதலாவது தயானிதா சிங்–பாரி விருது என்று அடுத்தடுத்து அவருக்குக் கிடைத்தன. தூய்மைப் பணியாளர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள், மீன் விற்பவர்கள் எனத் தமிழ்நாட்டின் உழைக்கும் மனிதர்களைப் பற்றிய ஆவணம் ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்கு ஆகும் செலவைவிட இந்த நிதிகள் எல்லாம் சேர்ந்தும் குறைவுதான்.

வாய்ப்பைத் தேடி அலையும் கூட்டம் இருந்தால் அதை மேய ஓர் ஆள் வந்துவிடுவார். வாட்ஸ்அப்பில் சுற்றும் போஸ்டர்களைக் கவனித்திருப்பீர்கள். ‘சர்வதேச ஓவியக் கண்காட்சி’, ‘உலகக் கலை ரத்னா விருது’. பங்கேற்புக் கட்டணம் ஆயிரமோ இரண்டாயிரமோ. பணம் கட்டிய எல்லோரும் தேர்வாவார்கள், எல்லோருக்கும் கேடயம், சான்றிதழ், மாலையில் குழுப் புகைப்படம். வெளிநாட்டுக் கண்காட்சி என்றால் கட்டணம் லட்சத்தைத் தொடும். வீட்டு நகையை அடகுவைத்துப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் எது மோசடி, எது நேர்மையான கூட்டுக் கண்காட்சி என்று பிரித்தறிய ஒரே வழி, பணம் எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பது. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து அரங்க வாடகையைப் பகிர்ந்துகொள்வது வேறு. உங்களைத் தேர்ந்தெடுத்ததற்காக உங்களிடமே பணம் கேட்கிறவருக்கு உங்கள் படத்தைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

சந்தையில் பணமே இல்லையா என்றால், கொட்டிக்கிடக்கிறது. 2025 மார்ச்சில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’ ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போனது. 1954-ல் வரைந்தது அது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பத்து சதவீதத்துக்கு மிகாத பங்கு உண்டு என்கிறது. 1994 திருத்தத்தில் வந்த பிரிவு. இப்படியொரு உரிமை இருப்பதாகவே பெரும்பாலான ஓவியர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதை வசூலித்துத்தர ஓர் அமைப்பு இல்லை. நம் ஊர்க்காரரான ஓவியர் கே. ராமானுஜத்தை நினைத்துக்கொள்கிறேன். வாழும்போது வறுமையையும் மனநோயையும் தவிர வேறெதையும் அதிகம் காணாமல் 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய மாய நகரங்களை இன்று ஏல நிறுவனங்கள் லட்சங்களில் விற்கின்றன.

ராமானுஜத்துக்கு ஓர் இடமாவது இருந்தது. அது சோழமண்டலம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், திறமையான மாணவர்கள் படிப்பை முடித்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுவதைக் கண்டு மனம் நொந்தவர். அரசிடம் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பத்திக் துணி, உலோக வேலை, பீங்கான், தோல் வேலை என்று விற்கக்கூடியதைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். கீற்றுக் கொட்டகைகள், சவுக்குத் தோப்பு, உப்புக் காற்று. பகலில் கொஞ்ச நேரம் சோற்றுக்காகக் கைவினை, மிச்ச நேரம் ஓவியம், சிற்பம். நந்தகோபால், விஸ்வநாதன், ஹரிதாசன், சேனாதிபதி, கோபிநாத், வாசுதேவ், அர்ணவாஸ் என்று ஒரு தலைமுறையே அங்கிருந்து எழுந்தது. மெட்ராஸ் இயக்கம் என்று இன்று கலை வரலாற்றில் மரியாதையோடு பேசப்படுவதன் பெரும்பகுதி, லுங்கித் துணிக்கு மெழுகு பூசிச் சாயம் தோய்த்த காசில் நடந்தது.

மேடைகளில் இந்தக் கதையை ஒரு புல்லரிப்போடு சொல்லி, ‘இன்றைய இளைஞர்கள் ஏன் இப்படிச் செய்வதில்லை’ என்று முடிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பணிக்கருக்குத் துணிச்சல் இருந்தது, தோழர்கள் இருந்தார்கள், எல்லாம் சரி. அன்றைக்கு ஈஞ்சம்பாக்கம் யாருக்கும் வேண்டாத மணல்மேடாக இருந்ததும் அதே அளவு முக்கியம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை? பத்திக் லுங்கி விற்று அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. இடத்தை இனி கலைஞர்களால் தாங்களே வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்ட பிறகு, அந்த வேலை பொதுப் பணத்தின் பொறுப்பாகிவிடுகிறது.

அரசுக்கு இடத்துக்கா பஞ்சம்? மாணவர் குறைந்து மூடப்பட்ட பள்ளிக் கட்டடங்கள், புது ஆட்சியர் வளாகம் வந்ததும் காலியான பழைய அலுவலகங்கள், வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்குகள் என்று மாவட்டந்தோறும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து, மின்சாரமும் தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்து, ஒரு சூளையும் ஓர் அச்சு இயந்திரமும் வைத்தால் போதும். லலித் கலா அகாடமியின் சென்னை மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இதைத்தான் செய்துவருகிறது. பானைச் சக்கரம், எச்சிங் பிரஸ், சிற்பக் கூடம், குறைந்த வாடகையில் அரங்கு. அது இல்லாவிட்டால் சென்னையில் பல இளைஞர்கள் முதல் கண்காட்சியையே நடத்தியிருக்க மாட்டார்கள். திருநெல்வேலிக்காரருக்கும் தர்மபுரிக்காரருக்கும் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது? பக்கத்து மாநிலமான கேரளத்தின் லலிதகலா அகாடமிக்குத் திருச்சூரில் தலைமையகம், எர்ணாகுளத்தில் தர்பார் ஹால், கோழிக்கோட்டில் ஒரு கூடம் என்று பல நகரங்களில் அரங்குகள் உள்ளன.

கேரளம் என்றதும் கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலை விழா நினைவுக்கு வரும். போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னெடுக்க, 2012 டிசம்பர் 12 அன்று ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளில் தொடங்கியது. அரசுப் பணம் ஐந்து கோடி கொடுக்கப்பட்டதற்கு அங்கே எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இன்று அதுவே மாநிலத்தின் அடையாளங்களில் ஒன்று. மாணவர் பினாலே என்ற கிளையில் நாடு முழுவதிலும் உள்ள அரசுக் கல்லூரி மாணவர்கள் கலந்துகொள்கிறார்கள், தமிழ்நாட்டு மாணவர்களும் உட்பட. திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியாலின் சாம்பிராணிச் சிற்பங்களை 2014 பினாலேயில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 2022-ல் திறப்பு விழாவைக் கடைசி நேரத்தில் டிசம்பர் 12-லிருந்து 23-க்குத் தள்ளிவைத்தார்கள். அழைத்து வரப்பட்ட கலைஞர்களே நிர்வாகத்தைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினார்கள். குறையோடு நடக்கும் ஒன்றைத் திருத்த முடியும். நாம் தொடங்கவே இல்லை. சென்னையில் 2016 முதல் நடக்கும் போட்டோ பினாலேகூட ஒரு சிறு குழுவின் பிடிவாதத்தால் வந்தது.

டெல்லியில் 1954-லும் மும்பையில் 1996-லும் பெங்களூருவில் 2009-லும் நவீனக் கலைக்கான தேசியக் கூடங்கள் திறக்கப்பட்டன. 1850-லேயே அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் கலைப்பள்ளி தொடங்கிய சென்னைக்கு அப்படி ஒன்று இன்றுவரை கிடையாது.

தமிழ்நாடு அரசு கலைக்குச் செலவழிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது. அதன்கீழ் ஓவிய நுண்கலைக் குழு இருக்கிறது. கலைச்செம்மல் விருது தருகிறார்கள். கண்காட்சி நடத்த நிதியுதவி செய்கிறார்கள். சிலைகள் விஷயத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் உழைப்பாளர் சிலையை 1959-ல் நிறுவிய மாநிலம் இது. அந்த மாதிரி ஒன்றைப் பிறகு ஏன் செய்யவில்லை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். என் வருத்தம், இருக்கும் பணமும் விருதாகவும் விழாவாகவும் போய்விடுகிறது என்பதுதான். விருது எழுபது வயதில் வருகிறது. ஓவியருக்குப் பணம் தேவைப்படுவது இருபத்தாறு வயதில், கல்லூரி விடுதியைக் காலி செய்த மறுநாள்.

புத்தகத்துக்கு நூலக ஆணை இருக்கிறது. எவ்வளவு குறை சொன்னாலும், சிறு பதிப்பாளர்கள் பலர் அதனால்தான் மூச்சுவிடுகிறார்கள். ஓவியத்துக்கு அதுபோல ஒரு பொதுக் கொள்முதல் ஏன் கூடாது? பிரான்ஸ் 1951-லிருந்து பொதுக் கட்டடங்களின் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைப் படைப்புக்கு ஒதுக்குகிறது. பள்ளிக்கூடங்களில் தொடங்கிய ஏற்பாடு அது. நம் மாவட்ட மருத்துவமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் மாட்டியிருப்பது என்ன? கணினியில் அச்சிட்ட அருவிப் படம், வினைல் பேனர். ஒரு சதவீதம் வேண்டாம், கால் சதவீதம் ஒதுக்கினாலே தமிழ்நாட்டில் வேலையில்லாத ஓவியர் இருக்க மாட்டார். சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் 2020-ல் ஓவியங்கள் வந்தபோது அங்குள்ளவர்கள் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தவர்கள், மக்களுக்கு ஓவியம் புரியாது என்று இனியும் சொல்ல மாட்டார்கள்.

தொழில் நிறுவனங்களையும் விட்டுவிடக் கூடாது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. ஆனால் அந்த விதி பாரம்பரியம், புராதனக் கட்டடம், மரபுக் கலை, கைவினை என்றே பேசுகிறது. உயிரோடு இருக்கும் ஓவியருக்கு ஸ்டூடியோ வாடகை கொடுப்பது இதில் அடங்குமா என்ற சந்தேகத்திலேயே கணக்கர்கள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் மாநில அரசு ஒரு வார்த்தை சொன்னால் சந்தேகம் தீரும்.

பெரிய திட்டங்களுக்கு நாளாகலாம். நாளைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறை அடுத்த மாநில ஓவியக் கண்காட்சிக்கான அறிவிப்பை வெளியிடும்போது அதில் மூன்று வாக்கியங்களைச் சேர்க்கட்டும். தேர்வாகும் ஒவ்வொரு படைப்புக்கும் காட்சிக் கட்டணம் இவ்வளவு தரப்படும். வெளியூரிலிருந்து படம் கொண்டுவரும் செலவைத் துறை ஏற்கும். விண்ணப்பமும் குறிப்பும் தமிழில் இருந்தால் போதும். கட்டணம் சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் அது வரட்டும். சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.